எள்ளும் வேண்டும், கொள்ளும் வேண்டும்

(உலக மாதவிடாய் நிறைவு நாளான அக்டோபர் 18ஐ ஒட்டி மேற்குத் தாம்பரத்தில் நடந்த பெண்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)

அக்காக்களே, தங்கைகளே, அம்மாக்களே! மனைவியை இறக்கிவிட்டுப் போகலாமா, இருக்கலாமா என்று வாசலில் நின்று யோசித்து, கடைசியில் பின்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்ட சகோதரர்களே! சகோதரர்கள் எழுந்து போய்விட வேண்டாம். இன்று பேசப்போகிற விஷயம் உங்கள் வீட்டில் நடப்பது. உங்களுக்குத் தெரியாமல் நடப்பது.

நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நின்ற பிறகு ஏறுகிற எடையைக் குறைக்கப் பெண்கள் படுகிற பாட்டைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். இவை இரண்டு விஷயமா, ஒரே விஷயமா? இரண்டு என்று நினைத்துக்கொண்டு நான்கு வருடத்தைத் தொலைத்தவள் நான். அதனால்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. பல்லாவரத்துக்கு அப்பால் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை. இனப்பெருக்க மண்டலம் என்ற பாடத்தை இருபத்தெட்டு வருடமாக நடத்துகிறேன். சினைப்பை, கருக்குழாய், கர்ப்பப்பை என்று கரும்பலகையில் படம் போட்டுப் பாகம் குறிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மாதவிடாய் தொடங்குவதைப் பற்றி இரண்டு பீரியட் பாடம் நடத்துவேன். அது நிற்பதைப் பற்றி? ஒன்றிரண்டு வரிதான். மணி அடிப்பதற்குள் வாசித்துவிட்டுப் போகிற வரிகள்.

எனக்கு நாற்பத்தொரு வயதில் நின்றது. முதலில் இரண்டு மாதம் வரவில்லை. பிறகு ஒருமுறை வந்தது. பிறகு நான்கு மாதம் இல்லை. பிறகு இல்லவே இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். "விட்டது தொல்லைன்னு இரு" என்றார். ஒரு மருத்துவரிடம் போனேன். "டென்ஷனா இருக்கும், வேலையைக் குறைச்சுக்குங்க" என்றார். வேலையை எப்படிக் குறைப்பது என்று யாரும் எழுதித் தரவில்லை.

அடுத்த இரண்டு வருடத்தில் ஐம்பத்தெட்டு கிலோவாக இருந்தவள் அறுபத்தேழு கிலோ ஆனேன். பழைய ரவிக்கைகள் கைக்குள் நுழையவில்லை. ஆசிரியர் அறையில், "டீச்சர், நல்லா உடம்பு போட்டுட்டீங்க" என்றார்கள். கல்யாண வீட்டில், "என்னடி இப்படி ஊதிட்டே" என்றார்கள். என்னைப் பார்த்த ஒவ்வொருவரும் என் எடையைப் பற்றிக் கேட்டார்கள். என் மாதவிடாயைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எனக்கு ரோஷம் வந்தது. இரவுச் சாப்பாட்டை விட்டேன். வெள்ளிக்கிழமை, ஏகாதசி, கிருத்திகை என்று விரதத்தைக் கூட்டினேன். பாலை விட்டேன், எண்ணெயை விட்டேன், பருப்பு வாயு என்று யாரோ சொன்னதால் பருப்பையும் விட்டேன். பொரியும் வெள்ளரிக்காயும் தின்று, விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம் நடந்தேன். எட்டு மாதத்தில் எட்டு கிலோ இறங்கியது. "எப்படி இளைச்சீங்க, எங்களுக்கும் சொல்லுங்க" என்று பின்னாலேயே வந்தார்கள். நானும் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். அப்படிச் சொல்லிக் கொடுத்ததற்காக இன்றும் என் மனசு உறுத்துகிறது.

ஒரு நவம்பர் மாதத்து மழைக்காலை. தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். கடைசிப் படியில் செருப்பு வழுக்கியது. பெரிதாக ஒன்றும் விழவில்லை, கையை ஊன்றிக்கொண்டேன். ஊன்றிய கை மணிக்கட்டோடு முறிந்தது. நாற்பத்தைந்து வயது. ஒற்றைப் படி.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு படத்தை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அம்மா, உங்களுக்குப் பீரியட்ஸ் எந்த வயசுல நின்னுச்சு?"

நான்கு வருடம் கழித்து, அதுவும் கை முறிந்த பிறகு, அதுவும் ஓர் எலும்பு டாக்டர், அந்தக் கேள்வியைக் கேட்டார். மாதவிடாய்க்கும் மணிக்கட்டுக்கும் என்ன சம்பந்தம்? உயிரியல் டீச்சருக்கே அன்று பதில் தெரியவில்லை.

இப்போது தெரியும். சொல்கிறேன், கேளுங்கள்.

தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால் அதை மாதவிடாய் நிறைவு என்கிறார்கள். மேலைநாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக ஐம்பத்தொன்றில் நிற்கிறது. நம் நாட்டில் நாற்பத்தாறு, நாற்பத்தேழிலேயே நின்றுவிடுகிறது. நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் நின்றால் அது முன்கூட்டிய நிறைவு. நாற்பதுக்கும் முன்பே சினைப்பை ஓய்ந்துபோனால் அதைத் தனியாகவே கவனித்துச் சிகிச்சை தர வேண்டும் என்பது மருத்துவம். ஏன் ஓய்கிறது? பலருக்குக் காரணம் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. சிலருக்குப் பரம்பரை. சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சினைப்பையைத் தாக்குகிறது. அவர்களில் பலருக்குத் தைராய்டும் சேர்ந்தே கெட்டிருக்கும். சிலருக்குப் புற்றுநோய் மருந்தால் நிற்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிவைத்த அடையாறு புற்றுநோய் நிலையத்தில் உயிர் பிழைத்து வந்த இளம்பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். உயிர் தங்கியது, மாதவிடாய் நின்றது. அந்த இரண்டாவது பாதியைப் பற்றி அவர்களிடம் யார் பேசுகிறோம்?

எலும்பைப் பற்றிச் சொல்ல வந்தேன். எலும்பை நாம் கல் மாதிரி நினைக்கிறோம். அது கல் இல்லை, தினமும் இடித்துக் கட்டுகிற வீடு. இடிக்கிற ஆட்கள் ஒரு பக்கம், கட்டுகிற ஆட்கள் ஒரு பக்கம். இடிக்கிறவர்கள் கை ஓங்காமல் பார்த்துக்கொள்கிற மேஸ்திரி ஒருவர் வேண்டும். பெண்ணுடம்பில் அந்த மேஸ்திரியின் பெயர் ஈஸ்ட்ரோஜன், சினைப்பையில் சுரக்கும் ஹார்மோன். சினைப்பை ஓய்ந்ததும் மேஸ்திரி போய்விடுகிறார். இடிப்பு வேகமாகிறது, கட்டுமானம் பின்தங்குகிறது. நின்ற முதல் ஐந்தாறு வருடத்தில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. ஐம்பத்தொன்றில் நின்ற பெண்ணுக்கு அறுபதுக்கு மேல் வர வேண்டிய தேய்மானம், நாற்பதில் நின்ற பெண்ணுக்கு ஐம்பதிலேயே வந்து நிற்கும். இதயத்துக்கும் அப்படித்தான். சீக்கிரம் நின்றவர்களுக்கு மாரடைப்பு அபாயம் சீக்கிரம் ஏறுகிறது.

சரி, எடை? ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை பெண்ணின் கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் தங்கும். அது போனதும் வயிற்றுக்கு இடம் மாறுகிறது. அமெரிக்காவில் 1990களிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்துவரும் 'ஸ்வான்' என்ற ஆய்வு ஒன்றைக் கண்டது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பாகிறது. அதே நேரத்தில் தசை குறையத் தொடங்குகிறது. கொழுப்பு ஏறும், தசை இறங்கும், எலும்பு கரையும். மூன்றும் ஒரே உடம்பில், ஒரே சமயத்தில்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நான் கேட்கிறேன், அந்த வயதில் நான் இளைத்தவளா, கொழுத்தவளா? வயிற்றில் கொழுத்தவள், எலும்பில் இளைத்தவள். தொப்பையில் கொழுத்தவள், தசையில் இளைத்தவள். எனக்கு எள்ளும் வேண்டும், கொள்ளும் வேண்டும். நானோ இரண்டையும் விட்டுவிட்டுப் பொரி தின்றேன்! எட்டு கிலோ இறங்கியதே, அதில் கொழுப்பு மட்டுமா போனது? ஏற்கனவே கரைந்துகொண்டிருந்த தசையும் எலும்பும் அதோடு சேர்ந்து போயின. எடை மெஷின் அதையெல்லாம் பிரித்துச் சொல்லாது. முள் இறங்கியதைப் பார்த்து நான் கைதட்டிக்கொண்டேன்.

அதனால் எடை மெஷினை நீதிபதி ஆக்காதீர்கள். தையல்காரர் வைத்திருக்கிற டேப் போதும். தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல், சுற்றி அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை. எடை குறையாமல் இடுப்பளவு மட்டும் குறைகிறதா? மாடிப்படி ஏறும்போது மூச்சு முன்போல் இரைக்கவில்லையா? கைப்பிடி இல்லாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

எடையே முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு நம் தமிழ்நாட்டைப் பற்றிச் சொன்னது, பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை. அதற்கு முந்தைய ஆய்வில் அது 31. ஐந்தாறு வருடத்தில் நூற்றில் ஒன்பது பெண்கள் கூடியிருக்கிறார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பின்னாலேயே வரும். எடை இறங்க வேண்டும். எதை இழந்து இறங்குகிறோம் என்பதுதான் என் கேள்வி.

இங்கே ஒரு தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அந்தச் சூடு வந்துகொண்டிருந்த காலம். உங்களில் பலருக்குத் தெரியும், நெஞ்சிலிருந்து குப்பென்று ஓர் அனல் கிளம்பிக் கழுத்தில் ஏறி முகத்தில் பரவும். அடுத்த நிமிடம் புடவை நனைகிற அளவு வேர்க்கும். செங்கல்பட்டிலிருந்து வரும் மின்சார ரயிலில், மகளிர் பெட்டியில், தாம்பரத்தில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படி வேர்த்து நின்றேன். கூடுவாஞ்சேரியில் ஏறி உட்கார்ந்து வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஜன்னல் பக்கம் வாங்கக்கா, காத்து வரும்" என்றாள். அவள் அடுத்த நிறுத்தத்தில், சானடோரியத்தில், இறங்கி ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவள். தாம்பரத்துக்கும் சானடோரியத்துக்கும் நடுவே சில நிமிடம்தான். தினமும் அந்தச் சில நிமிடம் பேசினோம். அவள் கதையைக் கேட்டு முடிக்க எனக்குப் பல வாரம் ஆயிற்று.

முப்பத்தாறு வயதில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். ரத்தப்போக்கு அதிகம் என்று போயிருக்கிறாள். "ரெண்டு புள்ள பெத்தாச்சு, இனி எதுக்கு, எடுத்துடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். சினைப்பையை விட்டார்களா, அதையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டு எங்கேயோ போய்விட்டது.

சகோதரிகளே, இந்த ஒரு கேள்வி பெரிய கேள்வி. சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் அடுத்த நாளே மாதவிடாய் நிறைவு. படிப்படியாக வராது, மின்சாரம் நின்ற மாதிரி நிற்கும். சினைப்பையை விட்டு வைத்தாலும், கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்குச் சினைப்பை மற்றவர்களைவிடச் சில வருடம் முன்னதாகவே ஓய்கிறது. மாதவிடாய்தான் ஏற்கனவே நின்றுவிட்டதே, சினைப்பை ஓய்ந்தது எப்படித் தெரியும்? தெரியாது. பரிசோதனை செய்யாவிட்டால், பலருக்கு எலும்பு முறிந்தால்தான் தெரியும்.

கர்ப்பப்பையை எடுத்தே தீர வேண்டிய நோய்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எடுக்கத் தேவையில்லாத கர்ப்பப்பைகளும் எடுக்கப்படுகின்றன என்பது நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். டாக்டர் நரேந்திர குப்தா என்பவர் 2013ல் தொடுத்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தேவையற்ற கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என்றது நீதிமன்றம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள், மாதவிடாய் நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி போய்விடும், அபராதமும் விழும் என்பதால் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட கொடுமை 2019ல் நாடெங்கும் தெரிய வந்தது. நம் ஊர் பீட் அல்ல. ஆனால் "இனி எதுக்கு, எடுத்துடலாம்" என்ற பேச்சு நம் ஊரிலும் இருக்கிறது. யாராவது அப்படிச் சொன்னால், இரண்டாவதாக ஒரு மருத்துவரைப் பாருங்கள். மருந்தால் சரிசெய்ய வழி உண்டா என்று கேளுங்கள். எடுக்கத்தான் வேண்டுமென்றால், சினைப்பையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.

கேட்க வாய் வரவில்லை என்கிறீர்களா? கூச்சம் என்கிறீர்களா? நாம் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையத்துக்குப் பெயர். ஏன்? 1928ல் டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய்க்காரர்களுக்கு ஓர் இடம் கட்டினார். காசநோய் என்று வெளியே சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள், வாடகைக்கு வீடு தர மாட்டார்கள் என்றிருந்த காலம். நெஞ்சுச்சளி என்று சொல்லி மறைப்பார்கள். இந்த ஊர் அவர்களுக்குக் காற்றும் சோறும் படுக்கையும் கொடுத்தது. பிறகு 1986ல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அடுத்த பத்தாண்டில், மற்ற இடங்கள் கதவைச் சாத்தியபோது, அந்த நோயாளிகள் எங்கே வந்தார்கள்? இதே தாம்பரம் சானடோரியத்துக்கு. பெயர் சொல்லக் கூசிய நோய்களுக்குப் பாய் விரித்த ஊர் இது. நம்முடையது நோய்கூட இல்லை. அதைச் சொல்லவா இந்த ஊரில் நமக்குக் கூச்சம்?

என்ன செய்ய வேண்டும்? நாற்பத்தைந்துக்கு முன் மாதவிடாய் மூன்று நான்கு மாதம் தள்ளிப் போனால், மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வார்கள். எஃப்.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். தேவைப்பட்டால் சில வாரம் கழித்து இன்னொரு முறை எடுப்பார்கள். தைராய்டு பார்ப்பார்கள். எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்சா ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. வலி இல்லை, ஊசி இல்லை, படுத்து எழுந்தால் முடிந்தது. கேட்டு வாங்குங்கள். சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, நம்மில் பலர் அங்கே போகிறோம். தாராளமாகப் போங்கள். இந்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்து ஹார்மோன் சிகிச்சை. சொன்னாலே, "ஐயோ, கேன்சர் வருமாமே" என்று பயப்படுகிறோம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2002ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் சற்று அதிகமாகத் தெரிந்தது. உலகமே அதிர்ந்தது. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது என்ன? அறுபத்து மூன்று! அறுபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு ஹார்மோன் கொடுப்பதும், நாற்பது வயதில் இழந்தவளுக்கு, அவள் உடம்பில் இன்னும் பத்து வருடம் இயல்பாக இருந்திருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பதும் ஒன்றா? ஒன்றல்ல. அதனால்தான், தடையாக வேறு நோய் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயது வரை, ஐம்பதை ஒட்டி, ஹார்மோன் எடுப்பது நல்லது என்று இன்றைய மருத்துவ நெறிமுறைகள் சொல்கின்றன. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் பொதுவாக இது கிடையாது, அவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. முடிவு செய்வது உங்கள் மருத்துவர். நான் சொல்வதெல்லாம் ஒன்றுதான். பயத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்ப் பேசுங்கள்.

இனி அடுப்படிக்கு வருவோம். என் வாழ்க்கை மாறிய இடம் அது.

காலையில் நான்கு இட்லி, மதியம் மலையாகச் சோறு, அதன் மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், சாயந்தரம் சர்க்கரை போட்ட டீ, இரவு தோசை. நடுவில், வீணாகிவிடக் கூடாதே என்று பிள்ளைகள் தட்டில் மீந்ததும் நம் வயிற்றுக்குள். இதில் பருப்பு எங்கே, பயறு எங்கே, முட்டை எங்கே? இந்தியர்கள் உண்பதில் 62 சதவீத ஆற்றல் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2025ல் சொன்னது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனமோ தானியத்திலிருந்து வருவது 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று 2024ல் சொல்லியிருக்கிறது. கூடுதலாகத் தின்கிற அந்த மாவுதான் நம் தொப்பை.

நான் சோற்றை விடவில்லை. பாதியாக்கினேன். அந்தப் பாதி இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது கெட்டியாகப் பாசிப்பருப்பு, அல்லது இரண்டு முட்டை. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் புரதம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இதைச் செய்ய வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு. நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, அரிசி அதன் பக்கத்தில்கூட வராது. எள்ளில் அதைவிடவும் அதிகம். சாயந்தரம் மிக்சருக்குப் பதில் ஒரு சின்ன எள்ளுருண்டை. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு முள்ளோடு மெல்லும் நெத்திலி. மோர் தினமும். கொள்ளு வாரம் இரண்டு நாள் ரசமாக, துவையலாக. வெயிலில் சிறிது நேரம் நில்லுங்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் மாத்திரை எடுங்கள். வெயில் ஊரில் இருந்துகொண்டே நம் பெண்களில் பெரும்பாலோருக்கு அது குறைவாகத்தான் இருக்கிறது.

அடுத்து, கனம் தூக்குவது. "கர்ப்பப்பை எடுத்தவ கனம் தூக்கக் கூடாது", "நாப்பதுக்கு மேல பாரம் தூக்காதே". எத்தனை முறை கேட்டிருப்போம்! அறுவை முடிந்த சில வாரங்களுக்கு அது சரி. ஆயுளுக்கும் சரியா? தசையும் எலும்பும் பாரம் ஏறினால்தான் வளரும். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. நடக்க வேண்டும், வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் அதே நிறுவனம் அடுத்த வரியில் சொல்வதை நாம் வாசிப்பதே இல்லை. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி! நான் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில்களில் தொடங்கினேன். பிறகு இரண்டு லிட்டர். பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவேன், பத்து முறை. சுவரில் கைவைத்துத் தள்ளுவேன். முதல் மூன்று மாதம் ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். எலும்பு தேய்ந்திருந்தால் குனிந்து தூக்கும் பயிற்சிகளைத் தானாகச் செய்யக் கூடாது. கேட்டுச் செய்யுங்கள்.

இப்போது எடை குறைக்க ஊசி வந்திருக்கிறது. 2025ல் மௌஞ்சாரோவும் வெகோவியும் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தன. சர்க்கரை நோயும் பெரும் பருமனும் உள்ளவர்களுக்கு அவை உண்மையிலேயே உதவுகின்றன, அதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் பசியே எடுக்காமல் போகும்போது, பருப்பும் முட்டையும் சேர்ந்தே குறையும். தசையும் சேர்ந்தே கரையும். சீக்கிரம் மாதவிடாய் நின்ற பெண் அந்த ஊசி போடுவதென்றால், முதலில் எலும்பை அளக்கட்டும், பாரம் தூக்கப் பழகட்டும், பிறகு மருத்துவர் மேற்பார்வையில் போடட்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற பொருள் அல்ல அது.

என் எடை இன்று அறுபத்து மூன்று. பழைய ஐம்பத்தெட்டுக்குத் திரும்பவில்லை, திரும்ப வேண்டும் என்ற ஆசையும் இல்லை. இடுப்பு 79 சென்டிமீட்டர். மறுபடி எடுத்த டெக்சா ஸ்கேனில் எலும்பு மேலும் கரையாமல் நின்றிருக்கிறது. அதைக் கேட்ட அன்று சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளை பிறப்பதற்கு முன்பே நின்றுபோன தங்கைகள் இந்த அவையில் இருக்கலாம். உங்கள் துக்கம் வேறு, அதை நான் எடைக் கணக்கோடு சேர்க்க மாட்டேன். சினைப்பை ஓய்ந்தது என்று சொல்லப்பட்ட பிறகும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இயல்பாகவே கரு தங்கியதுண்டு. மற்ற வழிகளும் உண்டு. எந்த வழியும் வேண்டாம் என்பதும் ஒரு வழிதான். உங்களை மலடி என்று சொல்கிற வாய் எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டுக்காரர் பின்வரிசையில் இருந்தால், அவருக்காகவும்தான் இதைச் சொல்கிறேன். சகோதரரே, உங்கள் மனைவி நள்ளிரவில் எழுந்து ஃபேனை அதிகமாக வைத்தால் சண்டை போடாதீர்கள். அவளுக்குத் தூக்கம் போய் மாதக் கணக்கு ஆகியிருக்கும். காரணமே இல்லாமல் எரிந்து விழுகிறாள் என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது. விடியற்காலை அடுப்பை நீங்கள் பற்றவையுங்கள், அவள் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும். எந்த எடைக்குறைப்புக்கும் தூக்கம் வேண்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கியது. வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வருகிற அந்தச் சகோதரியை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அவர் கையிலிருக்கிற படிவத்தில் ஒரே ஒரு கேள்வி கூடுதலாக வேண்டும்: 'மாதவிடாய் எந்த வயதில் நின்றது?' இதற்குக் கருவி வேண்டாம், மருந்து வேண்டாம், பணம் வேண்டாம். நாற்பத்தைந்துக்குக் கீழே ஒரு எண்ணைச் சொன்னால், அந்தப் பெண்ணை எலும்பு பார்க்கவும் இதயம் பார்க்கவும் அனுப்புங்கள். அந்தக் கேள்வியை நாற்பத்தொரு வயதில் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் இந்தக் கை முறிந்திருக்காது.

கை முறிந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்தபோது அம்மா ஊரிலிருந்து வந்தாள். எலும்பு தேய்ந்திருக்கிறது, காரணம் இது என்று சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுப்படிக்குப் போனாள். கருப்பு உளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் களி கிண்டிக்கொண்டு வந்தாள். பதின்மூன்று வயதில் நான் பெரியவளானபோது பதினாறு நாள் அவள் கையால் தின்ற களி. இடது கையால் எனக்கு எடுத்து வாயில் வைக்கத் தெரியவில்லை. அம்மாதான் ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் நாப்பதுலயே நின்னு போச்சுடி. சொல்லணும்னு தோணலை."

அம்மாவின் முதுகு கூனியிருந்ததை வயது என்றே நான் நினைத்திருந்தேன். தாய்க்குச் சீக்கிரம் நின்றிருந்தால் மகளுக்கும் சீக்கிரம் நிற்க வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. எனக்கும் தெரிந்திருக்க வேண்டிய உண்மை. அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் மகளுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. அவளுடைய மருத்துவச் சீட்டுகளை ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். அதன் முதல் பக்கத்தில் என் கையால் எழுதியிருக்கிறேன்: பாட்டி, 40. அம்மா, 41. அதற்குக் கீழே அவள் எழுதிக்கொள்ள ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.